தொழிற்சாலைக்குப் படித்தவர்கள் போய்ச் சேர்ந்த இடங்கள்

இந்திய அரசின் அழைப்பை ஏற்று நாட்டின் பல பகுதிகளைச் சுற்றிப் பார்த்த அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர், இயந்திர உற்பத்தி பெருகிவரும் காலத்தில் இந்தியப் பொருள்களின் தரம் கெடாமல் காப்பது எப்படி என்பது பற்றி 1958ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்தார்கள். இந்தியாவில் தாங்கள் கண்டு வியந்த பொருள்களிலேயே தலைசிறந்ததாக அவர்கள் அதில் குறிப்பிட்டது கோயில் சிற்பத்தையோ பட்டுத் துணியையோ அல்ல. லோட்டாவை, அதாவது நம் வீடுகளில் புழங்கும் செம்பை. செம்பைப் புதிதாக வடிவமைக்க உட்காருகிறவர் எதையெல்லாம் யோசிக்க வேண்டியிருக்கும் என்று ஒரு நீண்ட பட்டியலும் போட்டார்கள். எவ்வளவு தண்ணீர் பிடிக்க வேண்டும், தூக்குகிற கை எவ்வளவு பெரியது, எவ்வளவு வலுவுள்ளது, தலையில் போகுமா இடுப்பில் போகுமா, நிறைந்திருக்கும்போதும் வெறுமையாக இருக்கும்போதும் அதன் எடை எங்கே நிற்கும், உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ முடியுமா, கண்ணை மூடிக்கொண்டு தொட்டால் எப்படி இருக்கும், இன்னொரு பாத்திரத்தின் மேல் பட்டால் என்ன ஓசை எழும், பழசானபின் உலோகமாக விற்றால் என்ன தேறும் என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. செம்பை எந்தத் தனி மனிதரும் வடிவமைத்திருக்க முடியாது, பல தலைமுறைகள் சேர்ந்து செய்த வேலை அது என்றும் அவர்கள் எழுதினார்கள்.

அந்த அறிக்கையின் பரிந்துரையைத் தொடர்ந்து 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தொடங்கப்பட்டது. என்ஐடி என்று சொன்னால்தான் இன்று பலருக்கும் புரியும். 1969இல் பம்பாய் ஐஐடியில் ஐடிசி எனப்படும் தொழில்துறை வடிவமைப்பு மையம் வந்தது. வளரும் தொழிற்சாலைகளுக்கு அறிவும் கைத்திறனும் உள்ள வடிவமைப்பாளர்கள் வேண்டும் என்பதே இவற்றின் பின்னால் இருந்த எதிர்பார்ப்பு. ஆனால், இந்தப் படிப்பைப் படித்தவர்கள், இந்தியாவிலும் சரி வெளிநாடுகளிலும் சரி, தொழிற்சாலையோடு நின்றுவிடவில்லை. திரைப்படத்துக்குக் கற்பனை நகரங்களை வரைந்தார்கள், மூங்கில் கூடை முடைபவர்களிடம் போய் உட்கார்ந்தார்கள், வாடகை அறைக்கு இணையதளம் கட்டினார்கள். தொழிற்சாலைக்கென்று வகுத்த ஒரு படிப்பு ஏன் தன் மாணவர்களை இத்தனை திசைகளில் அனுப்புகிறது என்பதற்கு விடை பாடத்திட்டத்தில் இல்லை. அதைக் கற்பிக்கும் முறையில் இருக்கிறது என்பது என் கருத்து.

முதலில், தொழில்துறை வடிவமைப்பாளர் செய்யும் வேலை எது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு மிக்ஸியை எடுத்துக்கொண்டால், மோட்டார் எத்தனை வாட், எவ்வளவு நேரம் சூடேறாமல் ஓடும் என்பவை பொறியாளரின் கணக்கு. ஈரக்கையால் ஜாரைப் பிடிக்கும்போது வழுக்காமல் இருப்பது, சட்னி அரைக்கையில் மூடியை அழுத்திப் பிடிக்கும் இடது கை எங்கே நிற்கும் என்பது, திருகும் குமிழைப் பார்த்தமாத்திரத்தில் எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று தெரிவது, வழிந்த மாவு போய்ச் சேரும் இடுக்குகளே இல்லாமல் செய்வது ஆகியவை வடிவமைப்பாளரின் கவலை. அழகும் அவருடைய பொறுப்புத்தான். ஆனால் அழகை மட்டும் பார்ப்பவர் என்று அவரை நினைப்பது வேலை கொடுக்கும் நிறுவனங்களே இன்றும் செய்யும் பிழை. எல்லாம் முடிந்தபின் கூப்பிட்டு, மேலோட்டின் நிறத்தை மாற்றித் தரச் சொல்வார்கள்.

கற்பிக்கும் முறையின் வேர் ஜெர்மனியில் இருக்கிறது. 1919இல் வைமர் நகரில் வால்டர் குரோபியஸ் தொடங்கிய பௌஹவுஸ் பள்ளியில், எந்தத் துறைக்குப் போகிற மாணவரும் முதலில் ஓர் அடிப்படை வகுப்பைக் கடந்தாக வேண்டும். பின்னாளில் அந்த வகுப்பை நடத்திய யோசப் ஆல்பர்ஸ் ஒருநாள் கட்டுக்கட்டாகச் செய்தித்தாள்களைக் கொண்டுவந்து கொடுத்து, இதை வீணாக்காமல் இதிலிருந்து ஏதாவது செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். திரும்பி வந்து பார்த்தபோது கோட்டைகளும் படகுகளும் முகமூடிகளும் தயாராக இருந்தன. இவற்றையெல்லாம் வேறு பொருள்களில் இன்னும் நன்றாகவே செய்யலாமே என்று ஒதுக்கிவிட்டு, தாளை நீளவாக்கில் மடித்து நிற்க வைத்ததைத் தவிர வேறொன்றும் செய்யாத ஒரு மாணவரின் வேலையைத்தான் அவர் பாராட்டினார். மென்மையான தாள் ஒரே ஒரு மடிப்பினால் விறைத்து நின்றுவிடுகிறது. தாளின் இயல்பு அதில் வெளிப்பட்டது. இந்தச் சம்பவத்தை அந்த வகுப்பில் இருந்த ஒரு மாணவர் பின்னர் நினைவுகூர்ந்திருக்கிறார். வடிவமைப்புக் கல்லூரிகளின் முதலாண்டு பெரும்பாலும் இந்த மரபில்தான் இன்றும் நடக்கிறது. பள்ளியில் விடைகளை மனப்பாடம் செய்து நல்ல மதிப்பெண் வாங்கி வந்த பிள்ளைக்கு, அட்டையும் கம்பியும் களிமண்ணும் தந்து சரியான விடை எதையும் சொல்லாமல் விட்டுவிடும் அந்த முதல் சில மாதங்கள் கடுமையானவை. அந்தக் குழப்பம் திட்டமிட்டே உண்டாக்கப்படுவது.

அடுத்தது பட்டறை. ஒரு கைப்பிடியை வடிவமைக்கச் சொன்னால் மாணவர் பத்து இருபது படங்கள் வரைவார். எல்லாமே தாளில் நன்றாகத்தான் இருக்கும். பிறகு அடர்த்தியான ஃபோம் கட்டியை அறுத்து, அரத்தால் ராவி, உப்புத்தாளால் தேய்த்து அதே அளவில் மாதிரி செய்வார். கையில் எடுத்த நொடியிலேயே படத்தின் பொய் தெரிந்துவிடும். விரல் நுழைய வேண்டிய இடைவெளி போதாது, அல்லது கட்டைவிரல் படுமிடத்தில் ஒரு விளிம்பு உறுத்தும். அதை வகுப்பிலுள்ள பத்துப் பேரிடம் கொடுத்துப் பார்த்தால், தன் கைக்குப் பொருந்தியது மற்றவர் கைக்குப் பொருந்தவில்லை என்பது புரியும். மீண்டும் ராவ வேண்டும். இது சரியானபின் அச்சு வார்க்கும் நிலை வந்தால், வேறு கணக்குகள் காத்திருக்கும். பிளாஸ்டிக் உருப்படி அச்சிலிருந்து கழன்று வரப் பக்கச் சுவர்களுக்குச் சற்றே சாய்வு வேண்டும். சுவரின் கனம் ஓரிடத்தில் மிகுந்தால் அது ஆறும்போது அங்கே மேற்பரப்பு உள்வாங்கிப் பள்ளம் விழும். கையால் செய்து பார்ப்பது யோசித்து முடித்தபின் நடக்கும் வேலையன்று, யோசிப்பதே அப்படித்தான் என்ற பழக்கம் இங்கேதான் படிகிறது. எழுத்துருவோ திரைப்படக் காட்சியோ எதைச் செய்யப் போனாலும், முதல் வாரத்திலேயே ஒரு முரட்டு மாதிரியைச் செய்து எல்லோர் முன்னாலும் வைத்துவிடுகிற அவசரம் இவர்களிடம் இருப்பதைப் பார்க்கலாம்.

செய்ததை வைத்தபின் ஜூரி. மாணவர் தன் வரைபடங்களைச் சுவரில் ஒட்டி, மாதிரிகளை மேசையில் அடுக்கி, ஆசிரியர்களும் வெளியிலிருந்து வந்த வடிவமைப்பாளர்களும் சக மாணவர்களும் சுற்றி அமர்ந்திருக்க, ஏன் இப்படிச் செய்தாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். பிடித்திருந்தது என்பது பதிலாகாது. பல இரவுகள் தூங்காமல் செய்த ஒன்றை ஐந்து நிமிடத்தில் பிரித்துப் போட்டுவிடுவார்கள். அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் வடிவமைப்புப் பள்ளியில் படித்த ஜோ கெபியா, இந்த விமர்சன அமர்வுகளில் மணிக்கணக்கில் கடினமான இருக்கைகளில் உட்கார வேண்டியிருந்ததைப் பார்த்து, அதற்கென்றே ஒரு ஃபோம் மெத்தையை வடிவமைத்து விற்றார்! விமர்சனத்தின் நீளத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. ஜூரியின் பயன் விமர்சனத்தைத் தாங்கப் பழகுவதில் மட்டும் இல்லை. தன் வேலையைத் தன்னிலிருந்து பிரித்து மேசைமேல் வைத்து, காரணங்களோடு பேசக் கற்றுக்கொண்டவருக்கு, பின்னாளில் வாடிக்கையாளரிடமும் தயாரிப்பாளரிடமும் பேசுவது எளிதாகிறது. அதேசமயம், நம் நாட்டில் இந்த ஜூரி பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். கையில் திறமையும் வாயில் தயக்கமுமாக வரும் சிற்றூர் மாணவர்கள் அங்கே இரண்டு தேர்வுகளை ஒரே நேரத்தில் எழுதுகிறார்கள்.

இந்த மூன்றுக்கும் மேலாக, கொடுத்த கேள்வியை அப்படியே ஏற்றுக்கொள்ளாதே என்ற பாடம் ஒன்று உண்டு. ஈம்ஸ் தம்பதியர் செம்பைப் பற்றிப் போட்ட பட்டியல் இந்தப் பாடத்தின் தொடக்க வடிவம். இது நிறுவனத்துக்குள் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு, நம்மில் பெரும்பாலோர் விரலால் அழுத்தியிருக்கிற ஒரு பொருளே சான்று. மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் புற வடிவத்தை உருவாக்கியவர்கள் ஐடிசியின் ஆசிரியர்கள். பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் அந்த இயந்திரத்தின் உருவாக்கத்தை மேற்பார்வையிட்ட எஸ். ரங்கராஜனைத் தமிழர்கள் சுஜாதா என்ற பெயரில் நன்கு அறிவார்கள். வடிவமைப்பாளர்களின் பெயரோ ஏறக்குறைய யாருக்கும் தெரியாது. அந்தப் பொருளைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். வாக்களிக்கும் பெட்டியில் பதினாறு வரிசைகள். ஒவ்வொன்றிலும் பெயரும் சின்னமும், அதன் நேர் வலப்பக்கத்தில் ஒரு நீலப் பொத்தானும் சிவப்பு விளக்கும் இருக்கின்றன. பெயர்களும் சின்னங்களும் அச்சிட்ட தாள், பழைய வாக்குச் சீட்டைப் போலவே, கண்ணாடி போன்ற மூடிக்கு அடியில் இருக்கிறது. முத்திரை குத்திப் பழகிய, எழுத்தறியாத ஒரு பாட்டிகூடத் தனக்குத் தெரிந்த சீட்டைத்தான் பார்க்கிறார். குத்துவதற்குப் பதிலாக அழுத்துகிறார், அவ்வளவே. அழுத்தியதும் விளக்கு எரிகிறது, நீண்ட பீப் ஒலி மறைவுக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் கட்சி முகவர்களுக்கும் கேட்கிறது. வாக்களித்தவருக்கு உறுதியும் சுற்றியிருப்பவர்களுக்குத் தகவலும் தரும் அந்த ஒலி யாருக்கு வாக்கு விழுந்தது என்பதைச் சொல்வதில்லை. அதிகாரியின் கட்டுப்பாட்டுப் பெட்டி தனியே இருக்கிறது. அவர் பொத்தானை அழுத்தி அனுமதித்தால்தான் ஒரே ஒரு வாக்கு பதிவாகும். 1982இல் கேரளத்தின் பரூர் தொகுதியில் முதன்முதலாகப் பயன்பட்டு, வழக்குகளையும் சட்டத் திருத்தத்தையும் கடந்து, 2004 மக்களவைத் தேர்தலில் நாடெங்கும் பயன்பாட்டுக்கு வந்த இயந்திரம் அது. வாக்காளர் கற்க வேண்டிய புதிய விஷயம் எவ்வளவு குறைவாக இருக்க முடியும் என்பதே அந்த வடிவத்தின் பின்னுள்ள கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்படிப்பட்ட வாய்ப்புகள் ஏராளமாக இருந்திருந்தால் இந்திய மாணவர்களில் பலர் தொழிற்சாலைகளிலேயே தங்கியிருப்பார்கள். ஆனால் என்ஐடியும் ஐடிசியும் மாணவர்களை வெளியே அனுப்பத் தொடங்கிய காலம், எதைத் தயாரிக்கவும் அரசின் உரிமம் வேண்டியிருந்த உரிம ஆட்சிக் காலம். 1957இல் வரத் தொடங்கிய அம்பாசிடர் கார், பெரிய உருமாற்றம் இல்லாமல் 2014 வரை தயாரிக்கப்பட்டது. ஸ்கூட்டருக்கு ஆண்டுக்கணக்கில் பெயர் பதிவு செய்துவிட்டுக் காத்திருந்த நாட்டில், விற்பவருக்கு வடிவமைப்பாளர் எதற்கு? செய்ததெல்லாம் விற்றுப்போன சந்தையில் கைப்பிடியைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. அதனால் அன்றைய பட்டதாரிகளில் பலர் அரசுத் திட்டங்கள், கண்காட்சிகள், கைவினைத் துறை, ஆசிரியப் பணி ஆகியவற்றுக்குத் திரும்பினார்கள். சென்னையிலிருந்து போய் என்ஐடியில் படித்து, அங்கேயே பல பத்தாண்டுகள் ஆசிரியராக இருந்த எம். பி. ரஞ்சன், தம் சகாக்களோடு வடகிழக்கு மாநிலங்களின் மூங்கில், பிரம்பு வேலைகளைக் களத்தில் ஆராய்ந்து ஆவணப்படுத்தினார். எந்தக் கூடை எந்த முடிச்சில் தொடங்குகிறது, அடிப்பகுதி சதுரமாகவும் வாய் வட்டமாகவும் மாறுவது எப்படி என்பதையெல்லாம் ஒரு பொருள் வடிவமைப்பாளரின் கண்ணோடு பதிவு செய்த வேலை அது. 1991இல் பொருளாதாரம் தாராளமயமானபின் போட்டி வந்தது. கைக்கடிகாரமும் இருசக்கர வாகனமும் வடிவத்தால் விற்கத் தொடங்கின. ஓசூரில் டைட்டன் தன் எட்ஜ் கடிகாரத்தை மூன்றரை மில்லிமீட்டர் கனத்தில் கொண்டுவந்தது 2002இல். ஆனால் அதற்குள் இந்தப் படிப்புக்கு வேறு திசைகள் பழகிப் போயிருந்தன.

வேறு திசைகள் என்பது வேலை கிடைக்காததால் மட்டும் திறந்தவை அல்ல என்பதற்கு, தொழிற்சாலைகள் நிறைந்திருந்த அமெரிக்காவே சான்று. லாஸ் ஏஞ்சலிஸின் ஆர்ட் சென்டர் பள்ளியில் 1959இல் படிப்பை முடித்த சிட் மீட், ஃபோர்டு நிறுவனத்தில் கார் வடிவமைப்பாளராகச் சேர்ந்தார். சில ஆண்டுகளில் வெளியேறிச் சொந்தமாக வேலை செய்தார். 1982இல் வெளிவந்த ‘பிளேட் ரன்னர்’ படத்துக்கு அவரை அழைத்தது வாகனங்களை வரைவதற்காகத்தான். ஆனால் அவர் காரை வெற்றுத்தாளில் தனியாக வரையவில்லை. அது எந்தத் தெருவில் நிற்கிறது, மேலே என்ன கட்டடம், ஈரத் தரையில் எந்த விளக்கு பிரதிபலிக்கிறது என்பதையும் சேர்த்தே வரைந்தார். அந்தப் பின்னணிகளைப் பார்த்த இயக்குநர் ரிட்லி ஸ்காட், நகரத்தையே வரையச் சொன்னார். பொருளை அது புழங்கும் சூழலோடு சேர்த்துக் காட்டுவது வடிவமைப்பு வகுப்பில் அன்றாடப் பயிற்சி. பார்ப்பவருக்கு அளவும் பயனும் புரிய வேண்டும் என்பதற்காகச் செய்வது. திரைப்படத்தில் அதுவே ஒரு கற்பனை உலகின் நம்பகத்தன்மையாக ஆகிவிட்டது.

கள்ளக்குறிச்சியில் பிறந்த உதயகுமார் தர்மலிங்கத்தின் பாதை இன்னொரு வகை. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடக் கலை படித்துவிட்டு, பம்பாய் ஐடிசியில் காட்சித் தொடர்பு வடிவமைப்பில் முதுகலையும், தமிழ் எழுத்துருவியல் தொடர்பான ஆய்வில் முனைவர் பட்டமும் பெற்றார். அவர் படித்தது பொருள் வடிவமைப்புப் பிரிவு அல்ல என்றாலும், அதே கூரையின் கீழ், அதே ஜூரி மரபில் வளர்ந்தவர். 2010 ஜூலை 15 அன்று மத்திய அமைச்சரவை ஏற்றுக்கொண்ட ரூபாய்க் குறி அவருடையது. தேவநாகரி ‘ர’வும் ரோமன் எழுத்தும் கலந்த அந்தக் குறியில் ஓவியத் திறமையைவிடக் கட்டுப்பாடுகளோடு பழகிய கை தெரிகிறது. ஒரு நாணயக் குறி எண்களின் பக்கத்தில் எண்களின் உயரத்தில் நிற்க வேண்டும், மளிகைக் கடைக்காரர் பேனாவால் ஓர் இழுப்பில் எழுத வேண்டும், காசில் பொறித்தால் தேயக் கூடாது, விசைப்பலகையிலும் கைப்பேசியிலும் மிகச் சிறிய அளவிலும் மற்ற எழுத்துகளோடு குழம்பக் கூடாது. அதே ஆண்டிலேயே அது யூனிகோடில் இடம்பெற்றது. 2011இல் காசுகளிலும் வந்துவிட்டது. தொழிற்சாலைப் பொருளுக்கு விதிக்கப்படும் நிபந்தனைகளிலிருந்து இவை பெரிதும் வேறுபட்டவை அல்ல.

மூன்றாவது திசை வணிகம். மேலே சொன்ன ஜோ கெபியாவும், அதே பள்ளியில் 2004இல் தொழில்துறை வடிவமைப்புப் பட்டம் பெற்ற பிரையன் செஸ்கியும் 2007இல் சான் பிரான்சிஸ்கோவில் வாடகை கொடுக்கச் சிரமப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த அக்டோபரில் ஊரில் ஒரு வடிவமைப்பு மாநாடு. விடுதிகள் நிரம்பிவிட்டன. மாநாட்டுக்கு வருபவர்களுக்குத் தங்கள் வீட்டில் காற்று மெத்தை விரித்து இடம் கொடுத்ததுதான், வீடுகளிலுள்ள அறைகளை இணையத்தில் வாடகைக்குப் பிடித்துத் தரும் ஏர்பிஎன்பி நிறுவனத்தின் தொடக்கம். அதன் முதல் விருந்தினர்களே வடிவமைப்புத் துறைக்காரர்கள் என்பது வேடிக்கையான பொருத்தம். பிறகு தொழில் நகராமல் நின்றபோது, இவர்கள் நியூயார்க்குக்குப் போய் வீடு வாடகைக்கு விடுபவர்களின் கதவைத் தட்டி, அறைகளைத் தாங்களே நல்ல கேமராவில் படமெடுத்தார்கள். கணினிமுன் உட்கார்ந்து புள்ளிவிவரம் பார்த்துக்கொண்டிருக்காமல் பயன்படுத்துபவரின் வீட்டுக்கே போவது, எத்தனை பேருக்கு இப்படிச் செய்ய முடியும் என்ற கணக்கை அப்போதைக்குத் தள்ளிவைத்து ஓரிடத்தில் சரியாகச் செய்து பார்ப்பது ஆகிய இரண்டும் வடிவமைப்பு மாணவருக்கு வீட்டுப்பாடம் மாதிரி. ஆனால் இந்தக் கதையைச் சொல்லி வடிவமைப்பு படித்தால் கோடீஸ்வரர் ஆகலாம் என்று விளம்பரம் செய்யும் தனியார் கல்லூரிகளை நம்ப வேண்டியதில்லை. அவர்களோடு மூன்றாவது நிறுவனராக ஒரு கணினிப் பொறியாளர் இருந்தார் என்பதை அந்த விளம்பரங்கள் சொல்வதில்லை.

இந்தப் படிப்பு விட்டுச்செல்லும் குறைகளும் இதே கற்பிக்கும் முறையிலிருந்துதான் வருகின்றன. எதையும் கேள்வி கேட்கலாம், எதையும் மாற்றி வடிவமைக்கலாம் என்ற நம்பிக்கை, ஒரு துறையில் இருபது ஆண்டுகள் உழைத்தவரின் அறிவை மூன்று வார ஆய்வில் பிடித்துவிடலாம் என்ற மிதப்பாக எளிதில் மாறும். கைவினைஞர்களிடம் இது அடிக்கடி நடக்கிறது. மாணவர் வரைந்து கொடுத்த ‘புதிய’ கூடை அழகாக இருக்கும், ஆனால் அதை முடைய இரு மடங்கு நேரம் ஆகும், சந்தையில் அதே விலைதான் கிடைக்கும். அடுத்தது பெயரின்மை. ஓவியர் கையெழுத்திடுகிறார், பொருள் வடிவமைப்பாளர் செய்தது பல லட்சம் பிரதிகளாக யாருடைய பெயரும் இல்லாமல் போகிறது. படைப்பாளி என்ற கனவோடு வந்த சிலர் முப்பது வயதில் இதைத் தாங்க முடியாமல் சொந்தப் பட்டறை, மட்பாண்டம், விளக்கப்படம் என்று திரும்புகிறார்கள். அங்கீகாரத்தின் நிலையும் விசித்திரமானது. 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு செய்யாமல் இந்தியாவில் யாரும் தம்மைக் கட்டடக் கலைஞர் என்று சொல்லிக்கொள்ள முடியாது. வடிவமைப்பாளர் என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம். என்ஐடியேகூட 2014இல் வந்த தனிச் சட்டத்துக்கு முன்புவரை பட்டம் வழங்கவில்லை, டிப்ளமோதான் கொடுத்தது. அதனால் வேலை தரும் இடத்தில் சான்றிதழைவிட, செய்த வேலைகளின் தொகுப்பான போர்ட்ஃபோலியோவைத்தான் பார்த்தார்கள், இன்றும் பார்க்கிறார்கள். அதில் ஒரு ஆபத்தும் உண்டு. ஒளி வீசும் கணினிப் படங்கள் நிறைந்த போர்ட்ஃபோலியோ, யோசனை எங்கே தடுமாறித் திசை மாறியது என்பதை மறைத்துவிடும்; அனுபவமுள்ள தேர்வாளர்கள் கேட்பதோ அந்தத் தடுமாற்றத்தைத்தான்.

கடைசி அரையாண்டில் செய்யும் பட்டத் திட்டம் பலரின் வாழ்க்கைத் திசையைத் தீர்மானிக்கிறது. மேற்கு ஜெர்மனியின் உல்ம் நகரில் 1953 முதல் 1968 வரை இயங்கிய வடிவமைப்புப் பள்ளியில் படித்த ஹான்ஸ் ரோரிக்ட், 1950களின் இறுதியில் தன் பட்டத்துக்காக உணவகங்களுக்கான கோப்பைகளையும் தட்டுகளையும் வடிவமைத்தார். ஒன்றின்மேல் ஒன்றாக ஆடாமல் அடுக்கும்படி எல்லாவற்றின் விளிம்பும் சுவரும் ஒரே கணக்கில் அமைந்தவை. மாணவர் வேலையாகத் தொடங்கிய அது ரோசந்தால் என்ற பீங்கான் குழுமத்தின் தயாரிப்பாகி, பல பத்தாண்டுகள் விற்று, நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்திலும் இடம்பிடித்தது. அதே உல்மில் படித்துத் திரும்பிய சுதாகர் நாட்கர்ணிதான் பம்பாய் ஐடிசியை உருவாக்கியவர்களில் முதன்மையானவர். இந்திய மாணவர்களின் பட்டத் திட்டமும் ஒரு நிறுவனத்தில் அமர்ந்து உண்மையான தேவைக்குச் செய்வதாக அமைந்தது அந்த மரபோடு ஒத்துப்போவது. இன்று அந்த நிறுவனம் பல மாணவர்களுக்கு ஒரு மென்பொருள் அலுவலகமாக இருக்கிறது. ஃபோமும் உப்புத்தாளும் திரைக்கு இடம் கொடுத்துவிட்டன, சம்பளமும் அங்கேதான் கூடுதல். ஐஐடிகளின் இளநிலை வடிவமைப்புக்கான யூசீட் நுழைவுத் தேர்வையோ, வண்டலூர் அருகிலுள்ள காஞ்சிபுரம் ஐஐஐடிடிஎம் (தகவல் தொழில்நுட்பம், வடிவமைப்பு, உற்பத்திக்கான இந்தியக் கழகம்) போன்ற நிறுவனத்தையோ மனத்தில் வைத்துக் கல்லூரி தேடும் பெற்றோர், வேலைவாய்ப்புச் சதவீதத்தைக் கேட்பதோடு இன்னும் இரண்டைக் கேட்டுப் பார்க்கலாம்: பட்டறை இரவு எத்தனை மணி வரை திறந்திருக்கும், சென்ற ஆண்டு மாணவர்கள் தங்கள் பட்டத் திட்டத்தை எந்த ஊரில், யாருக்காகச் செய்தார்கள்.